பழைய அளவீட்டுக் கருவிகளில் உள்பேட்டரி மாற்றுவது: எச்பி 3478ஏ-வை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பேட்டரியைக் கழற்றிப் புதிதாக ஒன்றைச் சால்டர் செய்வது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதற்கு ஒரு மாலை முழுக்கப் போகும். அந்த மாலையை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள்தான் கருவியைக் கேலிபிரேஷன் (அளவுத் திருத்தம்) செய்யும் லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் ஒருமுறை தூக்கிக்கொண்டு போனவன்தான்.

கீழே எடுத்துக்கொண்டிருப்பது ஐந்தரை இலக்க மல்டிமீட்டரான எச்பி 3478ஏ. பழைய சந்தையில் இன்றும் கிடைக்கும் மீட்டர் இது. ஆனால் வரிசை எல்லாக் கருவிக்கும் ஒன்றுதான்: முதலில் நகல், அடுத்து தற்காலிக மின்சாரம், கடைசியில்தான் கட்டர்.

1. அந்தப் பேட்டரி எதைக் காக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சில கருவிகளில் பேட்டரி செத்தால் கடைசியாக வைத்த செட்டிங் மட்டும் போகும். சலிப்புதான், நஷ்டமில்லை. வேறு சிலவற்றில் கேலிபிரேஷன் எண்களே பேட்டரியின் தயவில் உயிரோடு இருக்கும். 3478ஏ இரண்டாவது ரகம். அதற்குள் திருகிச் சரிசெய்யும் பிரீசெட் கிடையாது. ஒவ்வொரு ரேஞ்சின் திருத்தமும் ஒரு சின்ன சிமாஸ் ரேமில், அதாவது மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே நினைவு வைக்கும் ஐசியில், எண்ணாக இருக்கிறது. மூன்று வோல்ட் போனால் அதுவும் போச்சு. திரும்பக் கொண்டுவர ரேஞ்ச் ரேஞ்சாகத் துல்லியமான மின்மூலம் கொடுத்து மறுபடி கேலிபிரேட் செய்ய வேண்டும்.

சர்வீஸ் மேனுவலில் ரேம் பகுதியின் சர்க்யூட்டைத் தேடிப் படியுங்கள். ஐயம் இருந்தால், கேலிபிரேஷன் அங்கேதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

2. எந்த வகைப் பேட்டரி?

மூடியைத் திறக்கும்போது (பிரிவு 4-இல் நகலெடுத்த பிறகுதான் அது) பெரும்பாலும் மூன்றில் ஒன்றைப் பார்ப்பீர்கள்.

தகடு வெல்டு செய்து போர்டில் சால்டர் செய்த 3 வோல்ட் லித்தியம் செல் ஒரு வகை. 3478ஏ-வில் இருப்பது இதுதான். இது சார்ஜ் ஏற்றக் கூடாத செல்.

இரண்டாவது, 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் உருளை. இதற்கு போர்டிலேயே சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் இருக்கும். இதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் லித்தியம் போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, ஆபத்தானதும்கூட: சார்ஜ் ஏறி லித்தியம் செல் வெடிக்கலாம். அதே எண்ணிக்கை செல் உள்ள நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு போடுங்கள். பழைய உருளை கசிந்திருந்தால் அந்தக் காரம் போர்டின் தாமிரக் கோடுகளை, அதாவது டிராக்கை, தின்றுகொண்டே இருக்கும். நீர்த்த வினிகரைப் பஞ்சில் தொட்டு நடுநிலையாக்கி, டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, ஐபிஏ-வால் (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) துடைத்துக் காயவிட்ட பிறகுதான் புதியதைப் போட வேண்டும்.

மூன்றாவது வகையில் பேட்டரியே கண்ணுக்குத் தெரியாது. தடித்த கறுப்புச் செங்கல் மாதிரி, டிஎஸ்1220, டிஎஸ்1225, டிஎஸ்1230 என்று எண் எழுதிய, டாலஸ் நிறுவனத்து ஐசி. ரேமும் லித்தியம் செல்லும் ஒரே உறைக்குள். எச்பி 3458ஏ-வில் கேலிபிரேஷன் ஒரு டிஎஸ்1220-ல் இருக்கிறது. இதற்கான வழி வேறு. பிரிவு 9-க்குப் போங்கள்.

3. தொடங்கும் முன் மேஜையில் இருக்க வேண்டியவை

நடுவில் எழுந்து கடைக்கு ஓட முடியாது. ஆகவே எல்லாம் முன்பே வரட்டும்: தகடு வைத்த புதிய லித்தியம் செல், புதிய டபுள்-ஏ அல்கலைன் செல் இரண்டும் அதற்கான ஹோல்டரும், 1என்4148 டயோடு ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, மெல்லிய ஒயர், சால்டர் உறிஞ்சி, நுனி மெல்லிய கட்டர், இன்னொரு மல்டிமீட்டர், ஐபிஏ. நகலெடுக்க ஜிபிஐபி (அளவீட்டுக் கருவியைக் கணினியோடு பேசவைக்கும் இணைப்பு) அடாப்டர். விலை உயர்ந்த அடாப்டர்தான் வேண்டும் என்றில்லை. ஆர்டுயினோ போர்டில் ஓடும் ஏஆர்488 என்ற திறமூல நிரல் இந்த வேலைக்குத் தாராளம்.

செல் வாங்கும்போது ஒன்று. தகடு இல்லாத செல்லை வாங்கி அதன் உடம்பிலேயே சால்டர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடு உள்ளே போய் உறையின் சீல் கெடும். அப்போதைக்கு வேலை செய்யும், ஆறு மாதத்தில் கசியும்.

4. நகலெடுங்கள்: திறப்பதற்கு முன்பே

மூடி இன்னும் மூடியே இருக்கட்டும். மல்டிமீட்டர் புரோப் ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும் ரேம் காலியாகலாம். திறந்த பிறகு நகலெடுத்தால் நீங்கள் நகலெடுப்பது குப்பையாகக்கூட இருக்கலாம்.

3478ஏ-வில் மேனுவல் சொல்லாத ஒரு கட்டளை உண்டு. ஆங்கில எழுத்து டபிள்யூ-வை அனுப்பி, அதை ஒட்டி ஒரு பைட்டாக முகவரியை அனுப்பினால், அந்த முகவரியில் இருக்கும் நிபிளை (நான்கு பிட், அதாவது அரை பைட்) ஒரு எழுத்தாகத் திருப்பி அனுப்பும். எழுத்தின் மதிப்பு 64 முதல் 79-க்குள் இருக்கும். அதிலிருந்து 64-ஐக் கழித்தால் உண்மையான நிபிள். 0 முதல் 255 வரை 256 முறை கேளுங்கள். கருவியின் முகவரி ஆலையில் வைத்தது 23. யாராவது மாற்றியிருந்தால் பின்பக்கத்துச் சின்ன சுவிட்சுகளைப் பாருங்கள்.

அநேகமாக எல்லோரும் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். முகவரி 10, 13, 27, 43 ஆகிய நான்கும் அடாப்டருக்கு வேறு பொருள் உள்ளவை: வரி முடிவு, வரித் திருப்பம், எஸ்கேப், கூட்டல் குறி. அப்படியே அனுப்பினால் அடாப்டர் அவற்றை விழுங்கிவிடும், கருவிக்குப் போய்ச் சேராது. அந்த நான்கு முகவரிகளுக்கு முன்னால் மட்டும் ஒரு எஸ்கேப் பைட், அதாவது 27, சேர்த்து அனுப்ப வேண்டும். இதைக் கவனிக்காத நகலில் நான்கு இடம் பழுதாக இருக்கும். கோப்பு பார்க்க முழுசாகவே தெரியும். அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

கண்டுபிடிக்கக் கணக்கு ஒன்று இருக்கிறது. முகவரி 0-ஐ விட்டுவிடுங்கள். 1-ல் தொடங்கி 13 நிபிளுக்கு ஒரு பதிவு, மொத்தம் 19 பதிவு. ஒவ்வொன்றிலும் முதல் ஆறு ஆஃப்செட் (பூஜ்யத் திருத்தம்), அடுத்த ஐந்து கெயின் (பெருக்கத் திருத்தம்), கடைசி இரண்டும் சேர்ந்து செக்சம் (சரிபார்ப்பு எண்). முதல் பதினொன்றையும் கூட்டி, அதோடு செக்சத்தை (முதல் நிபிள் பெருக்கல் 16, கூட்டல் இரண்டாவது நிபிள்) சேர்த்தால் 255 வர வேண்டும். கருவி பயன்படுத்தாத பதிவுகள் சில உண்டு. அவற்றில் கணக்கு ஒத்துவராமல் போனால் பதறாதீர்கள். மற்ற பதிவுகளில் ஒன்றிரண்டு உதைத்தாலும் முதலில் உங்கள் நிரலைச் சந்தேகியுங்கள்.

இரண்டு முறை நகலெடுத்து ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் கணினியில் ஒன்று, வேறெங்காவது ஒன்று, காகிதத்தில் அச்சடித்து ஒன்று. 256 எழுத்துதானே, அரைப் பக்கம்கூட வராது. நான் மடித்துக் கருவியின் மூடிக்குள்ளேயே ஒட்டிவைத்துவிடுகிறேன். அடுத்து யார் கையில் போனாலும் அவருக்கு உதவும்.

முன்பலகையில் கேலிபிரேஷனை அனுமதிக்கும் திருகு சுவிட்ச் இருக்கிறது. நகலெடுக்க அது தேவையில்லை. மூடிய நிலையிலேயே விடுங்கள். திறந்திருந்தால் கைதவறி அனுப்பும் ஒரு கட்டளை உள்ளே எழுதிவிடும்.

5. கேபிள்களைக் கழற்றுங்கள், எல்லாவற்றையும்

மின்கேபிளைக் கழற்ற யாரும் மறப்பதில்லை. மறப்பது ஜிபிஐபி கேபிளை.

என்னிடம் வேலை பழக வந்த ஒரு தம்பி எல்லாம் சரியாகச் செய்துகொண்டு வந்தான். சால்டரிங் அயர்னைப் பேட்டரியின் நேர்முனையில் வைக்கப் போகும் நொடியில் கையைப் பிடித்தேன்.

"என்ன அண்ணே, பவர் கேபிளைத்தான் கழட்டிட்டேனே?"

"பின்னாடி என்னடா தொங்குது?"

நகலெடுத்த ஜிபிஐபி கேபிள் அப்படியே கணினியில் மாட்டியிருந்தது. கேபிளின் உறை கருவியின் உடலைக் கணினியின் எர்த்தோடு இணைக்கிறது. அவன் கையில் இருந்த அயர்னின் நுனியும் எர்த். கருவியின் உடலோடு பேட்டரியின் எதிர்முனை சேர்ந்திருந்தால், அயர்ன் நேர்முனையைத் தொட்டதும் பேட்டரி ஷார்ட். ரேமுக்கு அந்த ஒரு நொடி போதும்.

அப்படியானால் எர்த் இல்லாத அயர்ன் நல்லதா என்று கேட்பீர்கள். மலிவான அயர்ன்களில் நுனிக்கு மின்கசிவு இருக்கும். அது சிமாஸ் ரேமைக் குழப்பிவிடும். என் வழி பழைய வழி: தடித்த நுனி போட்டு நன்றாகச் சூடேற்றி, தொடும் முன் அயர்னின் பிளக்கையே பிடுங்கிவிடுவது. நுனியில் மிச்சமுள்ள சூடு ஒரு காலைச் சால்டர் செய்யப் போதும். ஆறினால் மறுபடி செருகுங்கள். பேட்டரியில் ஓடும் அயர்ன் இருந்தால் இந்த நாட்டியமே வேண்டாம்.

கருவியை ஓட விட்டுக்கொண்டே பேட்டரி மாற்றலாம், ரேமுக்கு 5 வோல்ட் வந்துகொண்டிருக்குமே என்று ஒரு யோசனை பரவலாக உண்டு. முடியும்தான். ஆனால் 230 வோல்ட் ஓடும் பெட்டிக்குள் உலோக நுனியோடு கைவிடுவதை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்.

6. திறங்கள், அளவெடுங்கள்

கேபிள் கழற்றிச் சில நிமிடம் பொறுத்துத் திறங்கள். பெரிய கபாசிட்டர்கள் இறங்கட்டும். மரைகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வையுங்கள். போர்டை நாலாபக்கமும் படமெடுங்கள், முக்கியமாகப் பேட்டரியின் கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று.

திறந்த கையோடு மின் நுழைவாய் அருகே கண்ணாடி மாதிரியான மஞ்சள் உறைக் கபாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலக் கருவிகளில் அது வெடிப்பு விட்டு, ஒருநாள் புகையைக் கக்கும். விரிசல் தெரிந்தால் அதையும் மாற்றும் பட்டியலில் சேருங்கள்.

பேட்டரி வோல்ட்டைப் பார்க்க, நுனி மட்டும் தெரியும்படி உறை போட்ட புரோப் வேண்டும். 2.9-க்கு மேல் காட்டினால் "நன்றாகத்தானே இருக்கிறது" என்று மூடிவிடத் தோன்றும். லித்தியம் செல்லின் குணம் அது: கடைசி வரை மூன்று வோல்ட்டை ஒட்டியே நின்று, முடியும்போது பொத்தென்று விழும். இன்றைய வோல்ட் நாளைக்கு உத்தரவாதமில்லை. முப்பது வயதுச் செல்லை வோல்ட் பார்த்து மன்னிக்காதீர்கள். 2.5-க்குக் கீழே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். நகல் இருக்கிறதா என்று மட்டும் இன்னொருமுறை பார்த்துக்கொண்டு.

7. தற்காலிக மின்சாரம்

நகல்தான் இருக்கிறதே, இது எதற்கு? நகலைத் திரும்ப எழுதுவது இன்னொரு வேலை, அதில் இன்னொரு தவறு வரும். ரேம் காலியாகாமலே முடிந்தால் நகல் பெட்டியிலேயே தூங்கும். அதுதான் நல்ல நாள்.

இரண்டு டபுள்-ஏ செல், தொடராக 1 கிலோ ஓம், தொடராக டயோடு. புதிய அல்கலைன் இரண்டு சேர்ந்தால் ஏறக்குறைய 3.2 வோல்ட். மைக்ரோஆம்பியர் அளவில் டயோடு எடுத்துக்கொள்வது ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான், ரேமுக்கு 2.8 கிடைக்கும். இந்த வகை ரேமுக்கு 2 வோல்ட் இருந்தாலே நினைவு நிற்கும். டயோடு எதற்கென்றால், பழைய லித்தியம் உங்கள் செல்லைச் சார்ஜ் செய்யாமல் இருக்க. அவசரத்தில் டயோடு இல்லாமல் நேரடியாக இணைப்பவர்கள் உண்டு, வேண்டாம்.

எங்கே இணைப்பது? பேட்டரியின் பேடில் (அதன் கால் சால்டர் ஆகியிருக்கும் தாமிரப் புள்ளி) வைக்காதீர்கள். அந்தப் பேடைத்தான் உருக்கப் போகிறீர்கள், உங்கள் ஒயர் முதலில் கழன்று வரும். பெரும்பாலான கருவிகளில் பேட்டரிக்கும் ரேமுக்கும் நடுவே ஒரு டயோடு இருக்கும். அதைத் தாண்டி, ரேம் ஐசியின் மின்காலோடு சேர்ந்த டிராக்கில் வசதியான ஒரு புள்ளியைத் தேடுங்கள். எதிர்முனையை முதலில் இணையுங்கள், நேர்முனையைப் பிறகு.

இப்போது ஒரு சோதனை. உங்கள் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மில்லிவோல்ட் பாருங்கள். 3 மில்லிவோல்ட் காட்டினால் 3 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது, அதாவது ரேம் உங்கள் செல்லைக் குடிக்கிறது. சுத்தமாகப் பூஜ்யம் என்றால் இணைப்பு சரியில்லை, அல்லது பழைய பேட்டரியே இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. பூஜ்யம் காட்டும்போது கட்டரை எடுக்காதீர்கள். இந்தச் சோதனையை நான் கற்றுக்கொண்டது ஒரு மீட்டரை இழந்த பிறகு: ஹோல்டரின் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது, தற்காலிக மின்சாரம் இருக்கிறது என்று நம்பிக் கழற்றினேன்.

8. பழையது வெளியே, புதியது உள்ளே

பழைய செல்லைச் சால்டர் உருக்கிப் பிடுங்க வேண்டாம். எதிர்முனை பெரிய தாமிரப் பரப்போடு சேர்ந்திருக்கும். சூட்டை இழுத்துக்கொண்டே போகும், நீங்கள் அழுத்த அழுத்தப் பேடு போர்டை விட்டு எழும்பும். தகடுகளைக் கட்டரால் வெட்டிவிடுங்கள். எதிர்முனைத் தகடு முதலில். அது போய்விட்டால் அடுத்த வெட்டில் கட்டர் உடலில் பட்டாலும் ஷார்ட் ஆகாது. காரில் மெக்கானிக் பேட்டரி கழற்றும் அதே வரிசை. இரண்டு தகட்டையும் ஒரே கடியில் வெட்டுவது, ஷார்ட் செய்வதற்கு இன்னொரு பெயர்.

மில்லிவோல்ட்டைப் பாருங்கள். இன்னும் ஓடுகிறதா? சரி. இப்போது நிதானமாக மிச்சத் துண்டுகளை உருக்கி எடுத்து, துளையை உறிஞ்சி, ஐபிஏ-வால் துடையுங்கள். பழைய செல்லின் முனைகளை டேப் ஒட்டி மூடி, குப்பையில் போடாமல் மின்கழிவில் சேருங்கள்.

புதிய செல்லுக்கு ஹோல்டரா, நேரடிச் சால்டரா? சிஆர்2032 ஹோல்டர் வைத்தால் அடுத்தமுறை எளிது என்பார்கள். கணக்குப் போடுங்கள்: 225 மில்லிஆம்பியர்-மணி, 5 மைக்ரோஆம்பியர் இழுவை என்றால் 45,000 மணி, ஐந்து வருடம் சொச்சம். 1 மைக்ரோஆம்பியர் என்றால் இருபத்தைந்து வருடம். அதற்குள் செல்லே கிழமாகிவிடும். ஆகவே முன்பு அளந்த மில்லிவோல்ட்டைப் பார்த்து முடிவெடுங்கள். சென்னை மாதிரி ஊரில் ஏசி இல்லாத அறையில் ரேமின் கசிவு மின்னோட்டமும் கூடும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் விருப்பம் தகடு வைத்த பெரிய செல். ஹோல்டரின் தொடுமுனை களிம்பு பிடித்து ஒரு கணம் விட்டால்கூட எல்லாம் போச்சு. உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இது வெறும் கற்பனை இல்லை.

3.6 வோல்ட் லித்தியம்-தயோனைல் குளோரைடு செல்லை 3 வோல்ட் இடத்தில் போடலாமா என்று கேட்பார்கள். சர்க்யூட்டைப் பார்க்காமல் போடாதீர்கள். 3 வோல்ட்டே கிடைக்கும்போது எதற்கு?

சால்டர் செய்ததும் புதிய செல்லின் வோல்ட்டை ரேமின் காலில் அளந்து பாருங்கள். பிறகுதான் தற்காலிக ஒயர்: நேர்முனை முதலில், எதிர்முனை பிறகு.

9. டாலஸ் செங்கல் என்றால்

இதற்குத் தற்காலிக மின்சாரம் கொடுக்க வழியில்லை, செல் உறைக்குள். ஐசியைச் சுத்தமாகக் கழற்றி, புரோகிராமரில் (ஐசியைப் படித்து எழுதும் கருவி) படித்து, புதியதில் எழுத வேண்டும்.

கழற்றும்போது ஒவ்வொரு காலாக உறிஞ்சுங்கள், நெம்பாதீர்கள். படிக்கும்போது புரோகிராமரில் சரியான எண்ணைத் தேர்ந்தெடுங்கள். டிஎஸ்1220 பார்க்க 2716 ஈப்ராம் (இன்னொரு வகை நினைவக ஐசி) மாதிரியே 24 கால். ஆனால் இதில் 21-ஆம் கால் எழுத அனுமதிக்கும் கால். தவறான எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டு, படிக்கப் போய் அழித்தவர்கள் இருக்கிறார்கள். ஐசியின் அடையாளத்தைச் சோதிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இரண்டுமுறை படித்து ஒப்பிடுவது இங்கேயும் உண்டு.

புதிய ஐசி என்று மலிவாக வருபவற்றில் பழையதைக் கழற்றிப் பெயர் மாற்றி எழுதியவை கலந்திருக்கும். மேலே நான்கு இலக்கத் தேதிக் குறியீடு இருக்கும்; 9345 என்றால் 1993-இன் 45-ஆம் வாரம். காலில் பழைய ஈயம் தெரிகிறதா என்றும் பாருங்கள். எழுதி, ஒரு வாரம் மேஜையில் போட்டு, மறுபடி படித்துப் பார்த்த பிறகு கருவியில் வையுங்கள். சாக்கெட்டில்தான் வையுங்கள், இன்னொருமுறை சால்டர் வேண்டாம்.

பேட்டரியே வேண்டாமல் நினைவு வைக்கும் எஃப்ரேம் ஐசி போடுவதும் உண்டு. டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஆசிலோஸ்கோப்பில் டிஎஸ்1225 இருக்கும் இடத்தில் எஃப்எம்16டபிள்யூ08 போட்டு ஓட்டுகிறார்கள். ஆனால் எஃப்ரேமுக்கு ஒவ்வொரு முகவரிக்கும் சிப்-எனேபிள் காலின் (ஐசியை இயங்கச் சொல்லும் கால்) வோல்ட் ஒருமுறை மேலே போய்க் கீழே வர வேண்டும். அந்தக் காலைக் கீழேயே பிடித்துக்கொண்டு முகவரியை மட்டும் மாற்றும் கருவிகளில் அது வேலை செய்யாது.

10. மூடும் முன்

கருவியை ஓட விடுங்கள். கேலிபிரேஷன் பற்றிய பிழைச்செய்தி இல்லையென்றால் நல்லது, ஆனால் அதோடு நிற்காதீர்கள். மறுபடி 256 நிபிளையும் நகலெடுத்து முதல் நகலோடு ஒப்பிடுங்கள். முகவரி 0 தவிர எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மதிப்பு தெரிந்த ஒரு ரெஃபரென்ஸ் அல்லது ரெசிஸ்டரை மாட்டி, வேலைக்கு முன் காட்டிய அளவையே காட்டுகிறதா பாருங்கள். ஆகவே அந்த அளவை முன்பே குறித்திருக்க வேண்டும், மறந்தவர்கள் நிறையப் பேர்.

ரேம் காலியாகிவிட்டிருந்தால்: கேலிபிரேஷன் சுவிட்சைத் திறந்து, எக்ஸ் என்ற எழுத்து, முகவரி, மதிப்பு என்ற வரிசையில் நகலைத் திரும்ப எழுதலாம். அதே நான்கு முகவரிகளின் எஸ்கேப் விவகாரம் இங்கேயும் வரும். எழுதி முடித்ததும் சுவிட்சை மூடுங்கள்.

கடைசிச் சோதனைக்கு ஒரு இரவு வேண்டும். ஒரு நிமிடம் அணைத்துப் போட்டுவிட்டு "நினைவு நிற்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். மின்வழியில் உள்ள கபாசிட்டரே அவ்வளவு நேரம் தாங்கும், பேட்டரி இணையாமலே. கேபிளைக் கழற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் ஓட விட்டு மறுபடி ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் செல்லின் மேல் தேதி எழுதிய சீட்டை ஒட்டி, நகல் காகிதத்தை உள்ளே வைத்து மரைகளைப் போடுங்கள்.